பிராய்லருக்கு மஞ்சளும் பூண்டும்: எதை, எவ்வளவு, எப்போது?

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் சொந்தமாக 3,000 பிராய்லர் வளர்க்கிறேன். கம்பெனி ஒப்பந்தம் கிடையாது. குஞ்சும் தீவனமும் காசு கொடுத்து வாங்கி, சுற்றுவட்டாரக் கறிக்கடைகளுக்கு நானே விற்கிறேன். கடைசி சில பேட்ச்களாக 20 நாளுக்கு மேல் கழிச்சல் வருகிறது. தீவனம் செரிக்காமல் எச்சத்தில் அப்படியே வெளியே வருகிறது. எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் என்கிற கணக்கு) 1.8-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு முறையும் மருந்துக் கடையில் சொல்லும் ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் விட்டு ஓட்டுகிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர் மஞ்சள், பூண்டு, வேப்பிலை அரைத்துத் தண்ணீரில் கலக்கிறார். இன்னொருவர் ஒரு 'ஹெர்பல்' திரவத்தை வாங்கச் சொல்கிறார். இவற்றைக் கொடுத்தால் ஆன்டிபயாடிக்கை அடியோடு விட்டுவிடலாமா? எதை, எவ்வளவு, எத்தனை நாள் கொடுப்பது? 'ஆன்டிபயாடிக் போடாத கோழி' என்று போர்டு வைக்கலாமா? வருகிற சித்திரையில் அடுத்த குஞ்சு இறக்குகிறேன்.

பதில்: வணக்கம் தம்பி. ஆன்டிபயாடிக்கை விட வேண்டும் என்று உங்களுக்கே தோன்றியிருக்கிறது. அதில் உறுதியாக இருங்கள். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஸ்வீடன் 1986-லேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் அது தடை. நம் நாட்டில் 2019 ஜூலையில் கோலிஸ்டினைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் வேலை செய்யாதபோது மருத்துவமனையில் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் கோலிஸ்டினும் ஒன்று. அதைக் கோழித் தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தோம். ஆகவே நீங்கள் யோசிக்கும் திசை சரி. ஆனால் அந்த இடத்தில் மஞ்சளைக் கொண்டுவந்து வைத்தால் போதும் என்று நினைத்தால் அடுத்த பேட்ச்சிலும் இதே கழிச்சல்தான் வரும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. 20 நாளுக்கு மேல் வருகிற கழிச்சல் ஒன்று. தாவரப் பொருட்களைத் தீவனத்தில் சேர்ப்பது இன்னொன்று. முதலாவது நோய்; அதற்குக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது நன்றாக இருக்கிற குடலை நன்றாகவே வைத்திருக்க உதவுகிற ஏற்பாடு. நோய் வந்த பிறகு அதற்கு மருந்தாக மஞ்சளையும் பூண்டையும் நம்பாதீர்கள். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது: சீக்கு வந்த கோழி தீவனத்தைத் தொடாது, தண்ணீரை மட்டும் குடிக்கும். தீவனத்தில் நீங்கள் கலந்த மூலிகையை நல்ல கோழிதான் தின்று தீர்க்கும். புறக்கடையில் பத்து நாட்டுக்கோழி வைத்திருக்கும் அம்மாக்கள் சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் அரைத்து ஒவ்வொரு கோழியாகப் பிடித்து உருண்டையை வாயில் வைப்பார்கள். 3,000 கோழிக்கு அது நடக்காது.

ஆகவே முதலில் கழிச்சலைப் பார்ப்போம். மூன்றாம், நான்காம் வாரத்தில் செரிக்காத தீவனம் வெளியே வந்தால் எனக்கு முதல் சந்தேகம் காக்சி என்கிற இரத்தக் கழிச்சல் நோயின் மேல்தான். பெயரைப் பார்த்து எச்சத்தில் இரத்தம் வந்தால்தான் காக்சி என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் குருட்டுக்குடலைத் தாக்கும் வகையில்தான் இரத்தம் கண்ணுக்குத் தெரியும். சிறுகுடலைத் தாக்கும் பல வகைகளில் இரத்தம் இல்லாமலே குடல் சுவர் கெட்டு, தின்றது ஒட்டாமல் போகும். அன்றன்று செத்த கோழியை, சூடு ஆறுவதற்குள் அறுத்துப் பாருங்கள். உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது. சிறுகுடலின் முதல் மடிப்பில் குறுக்கு வாட்டில் வெள்ளைக் கோடுகள், நடுக்குடலில் ஆரஞ்சு நிறச் சளி, குருட்டுக்குடலில் கட்டியான இரத்தம்: இவற்றில் எது இருந்தாலும் காக்சிதான். அதற்கான மருந்தே வேறு. நீங்கள் தண்ணீரில் விட்ட ஆன்டிபயாடிக் பெரும்பாலும் காக்சிக் கிருமியைத் தொட்டிருக்காது. இத்தனை பேட்ச்சாகக் கழிச்சல் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அதே சமயம் ஈரலையும் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, விரலால் அழுத்தினால் உடைகிற பதத்தில் இருந்தால் மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு ஏறியிருக்கலாம். தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 20 பி.பி.பி.-க்கு (நூறு கோடியில் 20 பங்குக்கு) மேல் போகக் கூடாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தீவன ஆய்வகம் இருக்கிறது. ஒரே மூட்டையிலிருந்து அள்ளாமல், பல மூட்டைகளில் மேலும் நடுவிலும் அடியிலும் எடுத்துக் கலந்து அரைக் கிலோ அனுப்புங்கள். பூஞ்சை ஒரு மூலையில் கொத்தாகத்தான் இருக்கும். ஒரு பிடி எடுத்து அனுப்பிவிட்டு 'ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது' என்பதில் பலன் இல்லை.

அப்புறம் தண்ணீர், கூளம். போர்வெல் தண்ணீரைப் பரிசோதிக்காமல் இருந்தால் இந்த வாரமே கொடுங்கள். கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் பொருத்திய குழாயின் (நிப்பிள் லைன்) கடைசி முனையில் பிடித்துப் பார்க்கும்போது குளோரின் 2 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 முதல் 3 பங்கு) இருக்க வேண்டும். தொட்டியில் இருந்தால் போதாது. தரையில் கூளமாகப் போட்ட தென்னை நார்க்கழிவை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை போல் நின்றால் ஈரம் அதிகம், காக்சிக்கு அதுதான் வேண்டும். சித்திரையில் இறக்குவதால் கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி என்று நெருக்காதீர்கள். 3,000 கொள்ளும் ஷெட்டில் 2,600 விட்டால் அந்த வெயிலுக்கு எந்த மூலிகையும் தராத பலனை அது தரும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு தாவரப் பொருட்களுக்கு வருவோம். இவற்றில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனால்தான் இவற்றைக் கண்டபடி கொடுத்து 'இதெல்லாம் வேலைக்கு ஆகாது' என்று தூக்கிப் போடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

மஞ்சளை முதலில் வைக்கிறேன். அதிலுள்ள கர்க்குமின் இரத்தத்தில் அதிகம் ஏறாது. பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடும். நமக்கு வேலை நடக்க வேண்டிய இடமும் குடல்தான். பித்தநீர் சுரப்பைத் தூண்டுகிறது, குடல் சுவரின் அழற்சியைத் தணிக்கிறது. பூஞ்சை நச்சால் ஈரல் படும் பாட்டையும் ஓரளவு குறைக்கிறது. ஓரளவுதான். மஞ்சள் சேர்க்கிறோமே என்று பூஞ்சை பிடித்த சோளத்தைப் போட்டுவிடக் கூடாது. அளவு, தீவனத்தில் 0.5 சதவீதம்: 50 கிலோ மூட்டைக்கு 250 கிராம். பாக்கெட்டில் வரும் தூளை வாங்காதீர்கள். நிறத்துக்காக மஞ்சள் தூளில் ஈயக் குரோமேட் கலக்கும் மோசடி நடப்பதுண்டு. பாலிஷ் போடாத விரலி மஞ்சளை வாங்கி, ஒடித்துப் பார்த்து, உள்ளே பூஞ்சை இல்லாததை மில்லில் கொடுத்து அரையுங்கள். கழிவு மஞ்சள் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, அதிலிருந்தே பூஞ்சையைத் தீவனத்துக்குள் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அரைத்ததை வெளிச்சம் படாமல் மூடி வையுங்கள். வெளிச்சத்தில் கர்க்குமின் சிதைந்துவிடும்.

பூண்டின் சக்தி அல்லிசினில் இருக்கிறது. முழுப் பல்லில் அல்லிசின் கிடையாது. நசுக்கும்போதுதான் உண்டாகும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டே போகும். ஆகவே பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். வேகவைத்துக் கொடுப்பதும், வாரக் கணக்கில் அரைத்து வைப்பதும் வீண். கொதிக்க வைத்துக் கஷாயமாக்கினால் வாசனை மிஞ்சும், வேலை மிஞ்சாது. பிடிப்புக்கு, அதாவது விற்பனைக்குக் கோழி பிடிக்கும் நாளுக்கு, ஒரு வாரம் முன்பே பூண்டை நிறுத்திவிடுங்கள். கறியில் வாடை ஏறியதாகப் புகார் வரக் கூடாது.

ஓமத்தை நம் பண்ணைக்காரர்கள் அதிகம் கவனிப்பதில்லை. வெளிநாட்டுப் பண்ணைகளில் தைம், ஆரிகானோ என்கிற மூலிகைகளின் எண்ணெய்களைக் காசு கொட்டி வாங்குகிறார்கள். அவற்றில் கிருமியை அடக்கும் முக்கியப் பொருட்களில் ஒன்று தைமால். நம் ஓம எண்ணெயிலும் அதே தைமால்தான் ஏராளமாக இருக்கிறது. குடல் புண்ணை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் கிருமியை அது அடக்கும். ஒரு குறை: தைமால் குடலின் மேல் பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், கீழ்க்குடல் வரை அதிகம் போகாது. கம்பெனிப் பொருட்களில் மேல்பூச்சு போட்டு வருவது அதற்காகத்தான். ஓமத் தூளாகக் கொடுப்பதானால் கிலோ தீவனத்துக்கு 2 கிராமில் தொடங்குங்கள். வாடையால் தீவனம் எடுப்பது குறைகிறதா என்று முதல் இரண்டு நாள் கவனியுங்கள்.

வேப்பிலையைப் பிராய்லருக்கு வேண்டாம் என்பேன். கசப்பில் தீவனம் எடுப்பது குறையும். 40 நாளில் வளர வேண்டிய கோழிக்கு ஒரு நாள் தீவனம் குறைந்தாலும் எடையில் தெரியும். முருங்கை இலைத் தூளில் புரதமும் நிறமும் உண்டு, ஆனால் நாரும் உண்டு. 5 சதவீதத்தைத் தாண்டாதீர்கள், குஞ்சுப் பருவத்தில் வேண்டவே வேண்டாம். நெல்லிக்காயை வெயில் காலத்தில் வைட்டமின் சி-க்காகக் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரே சீராக, அளந்து கொடுக்க வைட்டமின் சி பொடியே மலிவு. மிளகு கர்க்குமின் உடலில் ஏற உதவும் என்பது உண்மை. அதே மிளகு வேறு மருந்துகள் உடலில் தங்கும் நேரத்தையும் மாற்றக்கூடியது. மருந்து ஓடும் நாட்களில் மிளகு கூடாது.

சரி, பக்கத்துப் பண்ணைக்காரர் தண்ணீரில் கலக்கிறார் என்றீர்கள். அவருடைய நிப்பிள் ஒன்றைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். மஞ்சள் தண்ணீரில் கரையாது. நிப்பிள் உள்ளே சேறாகப் படியும், குழாய்ச் சுவரில் வழவழப்பாக ஒரு படலம் கட்டும். அந்தப் படலம்தான் இ-கோலை என்கிற கிருமிக்கு வீடு. ஒழுகும் நிப்பிள், அடைத்த நிப்பிள் இரண்டும் வரும்: ஒன்றின் கீழ் கூளம் நனையும், இன்னொன்றின் கீழ் கோழி தாகத்தில் நிற்கும். கழிச்சலை நிறுத்தப் போய்க் கழிச்சலுக்கு வழி செய்ததாகிவிடும். தாவரத் தூளைத் தீவனத்தில் மட்டும் கலக்குங்கள். திரவம்தான் கொடுக்க வேண்டுமென்றால் வடிகட்டியதை, சில மணி நேரத்தில் குடித்து முடிகிற அளவுக்குக் கொடுத்துவிட்டு லைனை அலசிவிடுங்கள். ராணிக்கெட், கம்போரோ நோய்களுக்கான தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுக்கும் நாளிலும் அதற்கு முந்தின, பிந்தின நாளிலும் தண்ணீரில் குளோரினும் கூடாது, மூலிகையும் கூடாது. கிருமியை அடக்கும் பொருள் தடுப்பூசியின் உயிருள்ள வைரஸையும் கெடுத்துவிடலாம். மூலிகை கொடுக்கிறோம் என்று தடுப்பூசியை விடுகிறவர்கள் பேட்ச்சையே இழப்பார்கள்.

கலக்கும் முறையிலும்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 250 கிராம் தூளை நேரடியாக ஒரு மூட்டைத் தீவனத்தில் கொட்டி மண்வெட்டியால் புரட்டினால் ஒரு தட்டில் அதிகமாகவும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் இரண்டு கிலோ தீவனத்தோடு கையால் கலந்து, அதைப் பத்துக் கிலோவோடு கலந்து, பிறகு மீதியோடு சேருங்கள். நீங்கள் வாங்குவது பெல்லட் அல்லது கிரம்பிள் என்கிற குருணைத் தீவனம் என்றால் தூள் அடியில் போய்த் தங்கிவிடும். மூட்டைக்கு 200 மில்லி சமையல் எண்ணெய் தெளித்துப் புரட்டிவிட்டு அதன் மேல் தூவினால் ஒட்டிக்கொள்ளும். அப்படிக் கலந்ததை இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் காறிவிடும்.

இப்போது காசுக் கணக்கு. உங்கள் கோழி 2 கிலோ எடைக்கு, 1.8 எஃப்.சி.ஆரில் 3.6 கிலோ தீவனம் தின்கிறது. 0.5 சதவீதம் என்றால் கோழிக்கு 18 கிராம் மஞ்சள். கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2 ரூபாய் 70 காசு. 3,000 கோழிக்கு 8,100 ரூபாய். தீவனம் கிலோ 40 ரூபாய் என்றால் போட்ட காசு திரும்பவே கோழிக்கு 67 கிராமுக்கு மேல் தீவனம் மிச்சமாக வேண்டும். அதாவது எஃப்.சி.ஆர். 1.80-லிருந்து 1.76-க்கு இறங்கினால்தான் கைக்கு ஏதோ மிஞ்சும். முதல் 21 நாள் மட்டும் கொடுத்தால் கோழி தின்பது சுமார் 1.2 கிலோ தீவனம், மஞ்சள் 6 கிராம், செலவு 90 காசு. எஃப்.சி.ஆரில் 0.01-க்குச் சற்று மேல் குறைந்தாலே கணக்கு நேராகிவிடும். குடல் உருவாகிற காலமும் அதுதான். ஆகவே என் யோசனை: முதல் 21 நாள் போதும். விலையை மட்டும் அன்றைய விலைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பலன் இருக்கிறதா என்பதை என்னிடம் கேட்க வேண்டாம், விற்பவரிடமும் கேட்க வேண்டாம். உங்கள் ஷெட்டே சொல்லும். நடுவில் வலை கட்டிப் பாதிக்கு மஞ்சள், பாதிக்கு இல்லை. குஞ்சு ஒரே பேட்ச், தீவனம் ஒரே லோடு. இரு பக்கமும் எத்தனை மூட்டை போனது என்று தனித்தனி நோட்டு. செத்ததையும் பக்கம் பிரித்து எழுதுங்கள். 14, 21, 28-ஆம் நாள்களிலும் பிடிப்பன்றும் எடை. எடை போடும்போது கைக்குச் சிக்குகிற கோழியைப் பிடிக்காதீர்கள். மந்தமான கோழிதான் சுலபமாகச் சிக்கும், எடை குறைத்துக் காட்டும். ஒரு மூலையில் வலையை வளைத்து, உள்ளே அகப்பட்ட எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடை போடுங்கள். அடுத்த பேட்ச்சில் பக்கத்தை மாற்றுங்கள். கிழக்கு மேற்காக நீண்ட ஷெட்டில் மேற்குக் கோடி சாயங்கால வெயிலை வாங்கும். அந்த வித்தியாசம் மஞ்சளின் கணக்கில் ஏறிவிடும். ஒரு பேட்ச்சை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரு பக்கமும் மாற்றிப் பார்த்தும் மஞ்சள் பக்கமே முந்தினால் தைரியமாகத் தொடருங்கள்.

அந்த 'ஹெர்பல்' திரவத்தைப் பொறுத்தவரை, லேபிளில் என்ன தாவரம், அதன் மூலப்பொருள் எத்தனை சதவீதம், பேட்ச் எண், தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 'அபூர்வ மூலிகைகளின் கலவை' என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். தண்ணீரில் விட்ட மறுநாளே கழிச்சல் பட்டென்று நின்றுவிட்டால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. உள்ளே மருந்து கலந்திருந்தால் அது உங்கள் வாடிக்கையாளரின் தட்டுக்குப் போகும், பழியும் உங்களுக்கே.

போர்டு விஷயம். இப்போதைக்கு வைக்காதீர்கள். நீங்கள் ஒரு சொட்டு மருந்து விடாவிட்டாலும், வாங்குகிற தீவனத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பி.எம்.டி., என்ராமைசின் போன்றவை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்த ஆன்டிபயாடிக்குகள். இவை இல்லை என்று தீவன ஆலையிடம் எழுத்தில் வாங்குங்கள். காக்சித் தடுப்புக்காகச் சேர்க்கும் சாலினோமைசினும் இருக்கிறது. அமெரிக்காவில் அதை ஆன்டிபயாடிக் என்றே கணக்கிடுகிறார்கள், ஐரோப்பாவில் காக்சித் தடுப்பு என்று தனியாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ஷெட்டில் காக்சி இருக்கும்போது அதை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். மஞ்சளும் ஓமமும் அந்த இடத்தை நிரப்பாது. ஆகவே கடைக்காரர்கள் கேட்டால் உண்மையை அப்படியே சொல்லுங்கள்: 'வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுவதில்லை. சீக்கு வந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் போடுவோம். மருந்து நின்று உரிய நாள் கழியாமல் பிடிக்க மாட்டோம்.' இதைச் சொல்லி, நோட்டைக் காட்டி விற்கலாம். சீக்கு வந்த கோழியை மருந்தில்லாமல் சாகவிட்டு, அதற்கு இயற்கை முறை என்று பெயர் வைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

சித்திரை பேட்ச்சுக்கு மஞ்சள் மட்டும் போதும், பாதி ஷெட்டுக்கு, 21 நாள். பூண்டு, ஓமம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓமம் அதற்கடுத்த சுற்றில். குஞ்சு இறக்கிய 24 மணி நேரத்தில் சில குஞ்சுகளை எடுத்துத் தொண்டைக்குக் கீழே தீனிப்பையை விரலால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். காலியாகவோ தண்ணீராகவோ இருக்கும் குஞ்சு நூற்றில் ஐந்துக்கு மேல் தென்பட்டால் மஞ்சளைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு உடனே புரூடர் (குஞ்சுக்கு வெப்பம் தரும் ஏற்பாடு) சூட்டையும் தட்டின் இடைவெளியையும் சரிசெய்யுங்கள். கழிச்சல் தலைகாட்டினால் மருந்துக் கடைக்குப் போகும் முன் செத்த கோழியோடு மருத்துவரிடம் போங்கள். இரு பக்க நோட்டையும் ஈரல், குடல் படங்களையும் பிடிப்பு முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், அதை வைத்து அடுத்த பேட்ச்சுக்கு எழுதுகிறேன்.